இடப்பக்கச் சொருகல்

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் எங்கள் தெரு முஸ்லிம் ஆண்கள் எல்லாரும் கைலியை இடப்பக்கம்தான் சொருகுவார்கள், இந்துக்கள் வலப்பக்கம். என் வீட்டுக்காரர் மீரான் மட்டும் அறுபத்து மூன்று வயதில் திடீரென்று வலப்பக்கத்துக்கு மாறினார். பக்கத்து மளிகைக்கடை தேவநாதனுக்கு ஒரே கும்மாளம்.

"என்னா மாமா, எங்க கட்டுக்கு வந்துட்டீங்க?"

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கி, துணி இறுக்கினாலே அவருக்கு வலித்தது. சிதம்பரத்துக்கு ரயிலேறிப் போனோம். டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, வெள்ளை அணு கன்னாபின்னாவென்று பெருகியிருக்கிறது, ரத்தப் புற்றுநோய் என்றார்.

"முழுசா போகாதும்மா. மாத்திரை அடக்கி வைக்கும். எங்கள கேக்காம நிறுத்தக் கூடாது."

அடக்கித்தான் வைத்தது. வீக்கம் வற்றி, ஒருநாள் காலை கைலியை இடப்பக்கம் சொருகிக்கொண்டு, மல்லாட்டைக்கடலை கொறித்தபடி வந்து நின்றார். அடடா, அந்தக் காலை! மேனி மட்டும் மாத்திரையால் கறுத்தது. எலுமிச்சம்பழ நிறத்து மனுஷர், கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து முனகுவார்.

"நெறத்த வெச்சு என்னா செய்யப்போறீங்க மச்சான், ஊறுகாயா போடப்போறீங்க?" என்பேன்.

மகள் ஆசியாவின் நிக்காஹ் அன்று புது வேட்டியோடு வந்தார். சொருகல் வலப்பக்கம் இருந்தது. தனியே இழுத்துப்போய்க் கேட்டேன்.

"மாத்திரய நிறுத்திட்டீங்களா?"

"ரெண்டு மாசமாச்சு. சம்மந்தி வூட்டாளுங்க முன்னாடி கரிக்கட்டையாட்டம் ஒக்காரணுமா சைதுன்? ஒடம்பும் நல்லாதான இருந்துச்சு."

"அட பாவி மனுஷா! செவத்த தோலோட மய்யத்தா கெடந்தா நல்லாருக்குமா?"

கத்திவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது. மாத்திரையைக் கையில் வைத்துத் தண்ணீர் கொடுத்தேன், விழுங்கினார். பந்தலுக்குப் போகுமுன் பல்லைக் கடித்துக்கொண்டு வேட்டியை இடப்பக்கம் மாற்றப் பார்த்தார். கையைத் தட்டிவிட்டேன்.

"எவன் பாத்தா என்னா? வலிக்காம போயி பொண்ண ஒப்படைங்க."

பந்தலில் சம்பந்தி அந்த வேட்டியையே பார்த்தாராம். "எங்கூட சேந்து சேந்து மாமா கெட்டுப்புட்டாரு," என்று தேவநாதன் சமாளித்தாராம்.

நோன்புப் பெருநாளுக்குள் சொருகல் இடப்பக்கம் வந்துவிட்டது. இன்னும் கறுத்துப்போன அந்த முகத்தை எவ்வளவு ஆசையாகப் பார்த்தேன்! பேரனைத் தூக்கிக் கொஞ்சவும் அல்லாஹ் அவருக்குக் காலம் கொடுத்தான். பிறகொரு மழைக்காலத்தில் சொருகல் மறுபடி வலப்பக்கம் போனது. அப்போது மாத்திரையை ஒருநாளும் விடவில்லை. ஆனாலும் சொருகல் இடப்பக்கம் திரும்பாமலே அவர் போய்விட்டார்.

இப்போதும் தெருவில் யாராவது இடப்பக்கம் சொருகிக்கொண்டு போனால், "அல்ஹம்துலில்லாஹ், நல்லாருக்காரு" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.