மணலிச் சாலையில் பனி

சென்னையில் பனி பெய்யுமா? என் வண்டியைக் கேட்டால் பெய்யும் என்றுதான் சொல்லும். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் பனிப்பூ படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். வண்டியை நிறுத்துகிறவரை அணையாது. வெளியே திருவொற்றியூர் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆட்டோமேட்டிக் கார். கியர் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. ஒரு தடவை அழுத்தினால் பனி மோடு, மறுபடி அழுத்தினால் சாதாரண மோடு. பனி மோடில் வண்டி முதல் கியரைத் தொடவே தொடாது. வழுக்குகிற ரோட்டில் சக்கரம் வீணாகச் சுற்றக்கூடாது என்று, எடுத்த எடுப்பிலேயே மேல் கியரில் நிறைமாதக்காரி எழுந்திருக்கிற மாதிரி மெல்லக் கிளம்பும். பனி விழுகிற ஊர்க்காரனுக்கு அது நல்ல ஏற்பாடுதான். கன்டெய்னர் ட்ரெய்லர்கள் முட்டிக்கொண்டு வருகிற மணலிச் சாலையில் அது எமன்.

எனக்கு ஆட்டோமேட்டிக்கை விட்டால் வேறு வழியில்லை. எர்ணாவூரில் ஒரு ட்ரெய்லர் என் ஸ்கூட்டரை இடித்துத் தள்ளியதில் இடது முழங்காலில் தகடு வைத்திருக்கிறார்கள். கிளட்ச் மிதிக்க அந்தக் காலுக்கு வராது. இந்தக் கார் வந்த பிறகுதான் யாரிடமும் போய், கொஞ்சம் இறக்கி விடுங்க என்று பல்லைக் காட்டாமல் இருந்தேன்.

மணலி புதுநகர் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனி. அதன் முதலுதவி மையத்தில் நான் நர்ஸ். மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: "மகிழினி, நீங்களே இன்சார்ஜா இருங்க. ஆனா எந்த ஷிஃப்டுக்குக் கூப்பிட்டாலும் நேரத்துக்கு வரணும். கம்பெனி வேன் பகல் ஷிஃப்டுக்கு மட்டும்தான்."

"வண்டி இருக்கு சார்" என்றேன். என்ன திமிராகச் சொன்னேன், அடேயப்பா!

அந்த வாரமே பனி பெய்ய ஆரம்பித்தது. சுவிட்சை அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். என் வீட்டுக்காரன் அறிவு குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"சுவிட்சு அவுட்டு மே. வண்டிக்கு வயசாயிடுச்சு இல்ல? சுயம்புகிட்ட சொல்லிக்கீறேன். சாமான் வரணுமாம்."

சுயம்பு, தேரடிப் பக்கம் இருக்கிற எங்கள் மெக்கானிக். அறிவு ஹார்பரில் கிரேன் எலக்ட்ரீஷியன். ஒயர் விஷயத்தில் அவன் சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது. காதலித்துக் கட்டியவன் வேறு. நம்பினேன்.

தினமும் லேட். சிக்னலில் பச்சை விழும், நான் மிதிப்பேன், வண்டி யோசிக்கும். பின்னால் ஹாரன் காதைக் கிழிக்கும். கெட்ட வார்த்தை அத்தனையும் என் தலையில் விழும். ஒருநாள் சடையங்குப்பம் திருப்பத்தில் நான் ஊர்ந்துகொண்டிருக்க, பின்னால் வந்த ட்ரெய்லர் பிரேக் பிடிக்க முடியாமல் என் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. வண்டியை ஓரம் கட்டினேன். அன்றைக்கு மேனேஜர் முன்னால் போய் நின்று, "எனக்கு அந்தப் பொறுப்பு வேணாம் சார்" என்றேன். அவர் அப்போதே இன்னொரு நர்ஸ் ஜீனத்தைக் கூப்பிட்டுப் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். ஜீனத் பாவம், என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டாள்.

வீட்டில் சொன்னதும் அறிவு முகத்தில் அப்படியொரு நிம்மதி. "வுடு மே, பேஜாரு வுட்டுது. பழயபடி வேன்ல போய் வேன்ல வா" என்றான். காசிமேடு போய் வஞ்சிரம் வாங்கிவந்து அவனே வறுத்தும் வைத்தான். நான் அழுதுகொண்டே தின்றேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, மக்கு!

மறுநாள் காலை அறிவு குளிக்கப் போயிருந்தபோது, சாமான் வந்துவிட்டதா என்று கேட்க சுயம்புவுக்கு நானே போன் போட்டேன்.

"இன்னா சாமான்க்கா? அறிவண்ணன் எங்கைல ஒண்ணும் சொல்லலியே."

நான் இழுத்தேன்: "சுவிட்ச் போயிடுச்சுன்னு..."

"சுவிட்சா? அத்த நீயே பாக்கலாம்க்கா. சுவிட்ச நெம்பி எடுத்து, அடில கீற சாக்கெட்ட உருவு. லைட்டு அணைஞ்சா கோளாறு சுவிட்சுல. அணையலன்னா ஒயரு எங்கியோ பாடில ஒட்டிக்கினு கீதுன்னு அர்த்தம்."

வாசலில் நின்ற வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். நெம்பினேன், உருவினேன். விளக்கு அணையவில்லை. ஒயர் போகிற வழியிலேயே கையை விட்டு, பக்கத்து சீட்டுக்கு முன்னால் இருந்த மூடியைக் கழற்றிப் பார்த்தேன். சுவிட்ச் ஒயரின் தோலை ஓரிடத்தில் சீவி, அதில் ஒரு துண்டு ஒயரை முறுக்கி, அதன் மறுமுனையை வண்டி பாடியில் இருந்த போல்ட்டில் முடுக்கியிருந்தது. முறுக்கின இடத்தில் கறுப்பு டேப். டேப்பின் நுனி மட்டும் உள்பக்கமாக அழகாக மடிக்கப்பட்டிருந்தது.

அப்படி மடிக்கிற கை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு ஃபேன், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றிலும் அந்த மடிப்பு உண்டு. அடுத்து பிரிக்கிறவன் நகத்தால் சுரண்டக் கூடாதாம். எலி கடித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அறிவு தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். மூடி கழன்று கிடந்ததைப் பார்த்ததும் துண்டு அப்படியே கையில் நின்றுவிட்டது.

"இன்னாத்துக்குப்பா?" என்றேன்.

"ராத்திரி ஷிஃப்டு, அந்த ரோடு, ட்ரெய்லரு... நீ ஆஸ்பத்திரில கெடந்தத நான் பாத்தவன் மே. பயந்துட்டேன். வண்டி மெதுவா போனா பத்திரமா இருப்பன்னு..."

"பயந்தா வாயத் தொறந்து சொல்லணும்."

"சொன்னா கேட்டிருப்பியா நீ?"

"கேட்டிருக்க மாட்டேன்" என்றேன். "வண்டில ஏறு."

"இரு, அத்த கழட்டிட்டு..."

"கை வெக்காத. ஏறி குந்து."

சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினான். மணலிச் சாலை சிக்னலில் எங்களுக்குப் பின்னால் ஒரு ட்ரெய்லர் வந்து நின்றது. பச்சை விழுந்தது. மிதித்தேன். வண்டி ஊர்ந்தது. ஹாரன் முதுகில் இடித்தது. பின்கண்ணாடி முழுக்க லாரியின் பம்பர் மட்டும்தான்.

"மே, மிதி! மிதிம்மே!"

"மிதிச்சிக்கினுதான் கீறேன். இவ்ளோதான் போகும். தினமும் இவ்ளோதான் போச்சு."

அவன் திரும்பிப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "ஐயோ" என்று சீட்டிலிருந்து மடிந்து, கையை உள்ளே விட்டு, அந்த ஒயர்த் துண்டைப் பிய்த்து எடுத்தான். விளக்கு அணைந்தது. வண்டி முதல் கியருக்கு இறங்கி ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. ட்ரெய்லர் பின்தங்கிச் சின்னதாகிப் போனது.

அவன் விரலில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நர்ஸ்தானே நான், டேஷ்போர்டில் பஞ்சும் இருந்தது. எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை.

"இன்னிக்கே மேனேஜராண்ட கேளு மே. நானும் வந்து சொல்றேன், தப்பு எம்மேலதான்னு."

"ஜீனத் பொறுப்பெடுத்துக் கையெழுத்துப் போட்டுட்டா."

அவன் அழ ஆரம்பித்தான். எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. தினமும் இந்த சீட்டில் தனியாக உட்கார்ந்து நான் அழுதேனே, அப்போது இவன் வீட்டில் காபி ஆற்றிக்கொண்டிருந்தான்.

அடுத்த பஸ் ஸ்டாப்பில் நிறுத்தி, அவன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

"வூட்டுக்குப் போலாம் மே. பேசிக்கலாம்."

"பஸ்ஸுல போ."

இறங்கி, ஒயர்த் துண்டைப் பிடித்தபடி வெயிலில் நின்றான். நான் மிதித்தேன். வண்டி சொன்னபடி கேட்டது. அத்தனை லாரியையும் முந்திக்கொண்டு நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தேன், ஜீனத்திடம் என் வரவைச் சொல்ல.