நடுத்தூண்

எங்கள் கோயிலில் பெரிய வாசல் பெரிய வீட்டுக்காரர்களுக்கு. எங்கள் தெருவுக்குத் தெற்குப் பக்கத்துச் சின்ன வாசல். மாதா எல்லோருக்கும் பொது. வாசல்தான் பொது இல்லை.

பிரெஞ்சுக்காரன் போன மூன்றாம் வருஷ மழையில் தெற்கு வாசலின் வளைவு விரிசல் விட்டது. அப்படியே விட்டால் சுவரே சரிந்துவிடும் என்று பங்குச் சாமியார் அடைக்கச் சொன்னார். நான்தான் அடைத்தேன். கொத்தனார் கிறிஸ்துதாஸ் என்றால் முதலியார்பேட்டையில் தெரியும். இனி எல்லோருக்கும் ஒரே வாசல் என்று நினைத்துக்கொண்டேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

கோயில் நாட்டாண்மை அலெக்சாண்டர் வந்தார். பிரெஞ்சுக்காரன் போனாலும் அவரை ஐயா என்று கூப்பிடக் கூடாது, 'முசே' என்றுதான் கூப்பிட வேண்டும். "பெரிய வாசலுக்கு நடுவுல ஒரு தூணு எழுப்பிடு. இடப் பக்கம் உங்களுக்கு, வலப் பக்கம் எங்களுக்கு."

சாமியார் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எழுப்பினேன். கூலிக்காரனுக்குக் கோபம் கட்டுப்படியாகாது.

திருவிழா வந்தது. மாதாவைச் சப்பரத்தில் ஏற்றித் தோள் கொடுத்த பிறகுதான் தெரிந்தது, சப்பரம் வெளியே வராது. கட்டச் சொன்னவருக்கும் தோன்றவில்லை. கட்டிய எனக்கும் தோன்றவில்லை.

"இடிடா!" என்று கத்தினார் அலெக்சாண்டர். இடித்தேன். மாதா ஊர்வலம் போய்த் திரும்பினாள். கொடி இறங்கியதும், "நாளைக்கே திரும்பக் கட்டிடு" என்றார்.

அடுத்த வாரம் என் மகள் ஸ்டெல்லாமேரிக்குக் கல்யாணம். அவளாவது முழு வாசலில் நுழைய வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் ஆசை.

"சுண்ணாம்பு வரலைங்க முசே" என்றேன். மறுநாள், "முட்டி வலி, எழுந்திரிக்க முடியலைங்க" என்றேன். அப்புறம் அவர் கண்ணில் படாமல் திரிந்தேன். பொய் சொல்லிச் சொல்லி, தூண் கட்டியதைவிட அதிகமாக அலுத்துப்போனேன்.

கல்யாணத்தன்று அவளிடம் சொன்னேன்: "வாசல்ல நடுவுல நடம்மா."

"சரிப்பா."

பாண்டு வாத்தியம் முழங்கியது. படியேறினாள். தலையைக் குனிந்தபடி, இடப் பக்கச் சுவரை ஒட்டி உள்ளே போனாள். பின்னால் எங்கள் தெரு முழுக்க அப்படியே போனது. பீடத்தருகே போய்த் திரும்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது, நானும் அந்த வழியாகத்தான் வந்திருந்தேன்.

மறுநாள் அலெக்சாண்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். "சுண்ணாம்பு வந்துதா?"

"வந்துடுச்சுங்க. ஆனா தூணு எதுக்குங்க முசே? அது அங்கதான் நிக்குது."

அவருக்குப் புரியவில்லை. சாந்து பூசும் கரணையை எடுத்துக்கொண்டு போய்க் கட்டினேன்.