பூஜை அறையின் வடக்குச் சுவர்

வடக்குச் சுவர் வேலையைத் தொடர இன்னும் கால் மணி நேரமே இருந்தது. அதற்குள் பூஜை அறைக்கு ஜன்னல் உண்டா இல்லையா என்று மேஸ்திரிக்குச் சொல்லிவிட வேண்டும். சுவர் முழங்கால் உயரத்தில் நின்றது. அம்மாவுக்கு ஜன்னல் அங்கிருந்தே தொடங்க வேண்டும். அப்பாவுக்கு ஜன்னலே கூடாது.

ஈசானிய மூலையில் பூஜை அறை என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. வீட்டுக்குக் காற்று வரும் மூலையும் அதுவாக இருந்ததுதான் வம்பு.

"விளக்கு அணைஞ்சா நல்லாவா இருக்கும்?" என்றார் அப்பா. சொன்னதோடு நிற்காமல், கையோடு கொண்டுவந்த அகல் விளக்கைச் சுவர்மேல் வைத்து ஏற்றினார். அணைந்தது. மறுபடி ஏற்றினார். மறுபடியும் அணைந்தது. அப்பாவின் முகத்தில் பரீட்சையில் பாஸான களை.

மேஸ்திரி டீ டம்ளரைக் கீழே வைத்தார். "சார், கூரையே இல்லாத வீட்டுல விளக்கு அணைஞ்சா, அதுக்கு ஜன்னல் என்ன சார் பண்ணும்?"

நான் இயற்பியல் படித்தவள். வீட்டில் அது இதுவரை யாருக்கும் உதவியதில்லை. விளக்கைச் சுற்றி மூன்று பக்கம் செங்கல் அடுக்கி, மேலே ஒன்றை வைத்து மூடினேன். சுடர் அசையாமல் நின்றது.

"இப்படி ஒரு மாடம் வெச்சா போதும்பா. சூடு வெளிய போக, மேல ஒரு வெண்டிலேட்டர்."

"அப்போ வெண்டிலேட்டரே போதுமே. கீழ ஜன்னல் எதுக்கு?"

"கீழ வழி இருந்தாத்தானே குளிர்ந்த காத்து உள்ள வரும்?"

"கதவு வழியா வரட்டும்."

என் படிப்பு அதோடு முடிந்தது.

"ஜன்னல் வேணும்," என்றாள் அம்மா.

"எவ்வளவு உசரத்துலம்மா?" என்று மேஸ்திரி கேட்டார்.

அம்மா மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணுக்கு நேராகக் கையை நீட்டினாள். "இந்த உசரத்துல."

அப்பா சிரித்தார். "தினம் ஒரு மணி நேரம் கண்ணை மூடி உக்கார்றவ நீ. உனக்கு எதுக்கு ஜன்னல்? சாமி முன்னாடி உக்காந்து தெருவையா பாக்கப்போறே?"

அம்மா புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். ஒருமுறை தட்டினால் போகிற மணல்தான். தட்டிக்கொண்டே இருந்தாள்.

"சொல்லுங்கம்மா, கலவை காயுது," என்றார் மேஸ்திரி.

"பத்து நிமிஷம்தாங்க கும்பிடுவேன்," என்றாள் அம்மா, அப்பாவைப் பார்க்காமல். "மிச்ச நேரமெல்லாம் சும்மாதான் உக்காந்திருப்பேன். அந்த ஒரு ரூம்ல இருந்தாத்தான் யாரும் என்னைக் கூப்பிடுறதில்லை."