எட்டாம் நாள் இலையில் வைத்தது

அருட்செல்வன் கணவாய் பிடிக்கப் போய்த்தான் கடலில் செத்தான் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அவன் தாய் இரத்தினம்மாவின் முகத்துக்காகச் சொல்வது அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். இந்தியப் பக்கமிருந்து வந்த கஞ்சாப் பொதியை நடுக்கடலில் மாற்றி ஏற்றும்போது ரோந்துப் படகின் வெளிச்சம் பட்டது, பயத்தில் அவன் குதித்தான், ஐந்தாம் நாள் காங்கேசன்துறைக்குக் கிழக்கே கரையொதுங்கினான். இது நண்டு சிண்டுக்கும் தெரியும்.

அப்படியிருக்க, வாசிகசாலை ஆண்டு விழா விவாதத்துக்கு ‘கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வேண்டும்’ என்று தலைப்பு வைத்த புண்ணியவானை என்னவென்று சொல்வது! சீட்டுக் குலுக்கியபோது ‘வேண்டும்’ பக்கம் விழுந்தது, அருட்செல்வனின் தங்கை நிவேதனாவுக்கு. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள்.

“ஏலாட்டி விடு பிள்ளை, ஆளை மாத்துவம்” என்றார் வாசிகசாலைத் தலைவர்.

“இல்லை, நான் கதைக்கிறன்” என்றாள்.

மூன்று சிறு காகித மட்டைகளில் மூன்று நியாயம் எழுதினாள். நாட்டு வைத்தியத்தில் அது காலங்காலமாக மருந்து. தடை இருந்தும் கடல்வழி வருவது நிற்கவில்லை. சட்டத்துக்குள் வந்தால் எது யார் கைக்குப் போகிறது என்றாவது தெரியும். நாலாவது நியாயத்தைத் தலைப்போடு நிறுத்திவிட்டாள்: ‘தடை கொல்வது புகைப்பவனை அல்ல, சுமப்பவனை.’ அதன் கீழே ஆதாரம் எழுதவேண்டும். அந்த ஆதாரத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அதை எழுதினால் அம்மா பதினொரு மாதமாகக் கட்டிக் காத்தது ஒரு நொடியில் போய்விடும்.

அதைவிடப் பெரிய பாரமொன்றும் அவளுக்கு இருந்தது.

செத்தவனுக்கு எட்டாம் நாள் அவன் விரும்பித் தின்றதையெல்லாம் இலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியில் நிற்பார்கள். அவன் வந்து தின்றுவிட்டுப் போவான். அம்மா கணவாய்க் கறியும் வடையும் வைத்தாள். நிவேதனாவுக்கு அன்று அண்ணன் மேல் கொதி. மானத்தை வாங்கிவிட்டுப் போனானே என்ற கொதி. அவனுடைய பழைய சேர்ட்டுக்குள் பொலித்தீனில் சுற்றிக் கிடந்த ஒரு கைப்பிடிக் கஞ்சாவை முதல்நாள்தான் கண்டிருந்தாள். யாரும் பார்க்காத நேரம் அதைக் கொண்டுபோய் வடைக்குக் கீழே சொருகினாள். ‘உன்ரை விருப்பம் உதுதானே. தின்!’ என்று மனதுக்குள் திட்டினாள்.

இரண்டு கிழமை கழித்து அவன் கூட்டாளி சிவகரன் வந்து அழுதான். “அவன் ஒரு நாளும் கஞ்சாவை வாயிலை வைச்சதில்லை, தங்கச்சி. சுருட்டுப் புகைக்கே இருமுவான்.”

அன்றிலிருந்து அவள் பட்ட பாடு பகைவனுக்கும் வேண்டாம். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில், உச்சிப்பொழுதில், குசினி அடுப்படிப் பக்கமிருந்து அந்த மணம் வரும். பச்சையாய், மூக்கில் ஏறுகிற மணம். செய்யாததைப் பழியாகப் படைத்து அனுப்பினால் போகிற ஆத்மா போகுமா? வாசலில்தானே நிற்கும்? மணம் வந்ததும் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு தேவாரம் சொல்லுவாள். விவாதத்துக்கு முதல்நாள் சனிக்கிழமையும் வந்தது.

ஞாயிறு காலை வாசிகசாலை நிரம்பியிருந்தது. முன் வரிசையில் அம்மா. எதிர்ப்பக்கம் பிரகலாதன் மாஸ்டர், விட்டுக்கொடுக்காத மனுஷன். மூன்று நியாயத்தையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பேப்பரிலை வாசிச்சதெல்லாம் ஆதாரமோ பிள்ளை? எங்கடை பெடியள் பழுதாப் போறதுக்கு நான் பத்துப் பேரைக் காட்டுவன். உன்ரை பக்கத்துக்கு ஒரு ஆளைக் காட்டு பாப்பம்.”

நிவேதனா மட்டையைக் கீழே வைத்தாள்.

“என்ரை அண்ணை” என்றாள். “அவர் கணவாய்க்குப் போகேல்லை. பொதி இறக்கப் போனவர். ஒரு நாளும் அதைப் புகைக்காத மனுஷன். உது கடையிலை மருந்துச் சீட்டுக் காட்டி வாங்கிற சாமானா இருந்திருந்தால் அவர் ஏன் கடலுக்கை குதிக்கிறார்? பொதியின்ரை சொந்தக்காரன் எங்கையோ சுகமா இருக்கிறான். நானும் அவரைக் கஞ்சாக்காரன் எண்டு நினைச்சு, எட்டாம் நாள் படையல் இலையிலை கஞ்சாவை வைச்சனான். அவருக்குச் செய்த அநியாயம் அது.”

இரத்தினம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சண்டைக் காலத்து ஷெல் துண்டு இன்னும் அவள் இடுப்பில் கிடக்கிறது. எழும்புவதே பெரும்பாடு.

“அதை நீயோ வைச்சனி?” என்றாள்.

“ஓம் அம்மா.”

“நான் அவன்தான் கொண்டந்து வைச்சவன் எண்டெல்லோ நினைச்சன்.” கதிரையை விடாமலே சொன்னாள். “ஏரம்புப் பரியாரியார் என்ரை நோவுக்கு அதுதான் மருந்தெண்டவர், அனுமதியில்லாமல் தொடமாட்டன் எண்டும் சொன்னவர். ‘பொறுங்கோ அம்மா, நான் கொஞ்சம் கொஞ்சமா அதைச் சேர்த்துக்கொண்டு வாறன்’ எண்டுதான் என்ரை பிள்ளை போனது. கதவைத் திறந்து இலையை எடுக்கேக்கை வடைக்குக் கீழை இருந்துது. சொன்ன சொல்லுக்குச் செத்தும் வந்து தந்திட்டான் எண்டு, இஞ்சை ஒருத்தருக்கும் சொல்லாமல் வைச்சிருந்தன்.”

பிரகலாதன் மாஸ்டர் கண்ணாடியைத் திரும்பப் போடவேயில்லை. தீர்ப்பும் யாரும் கேட்கவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியபோது தாயும் மகளும் வீட்டுக்கு நடந்தார்கள். நிவேதனாவுக்கு அழுகை ஒரு பக்கம், ஆறுதல் மறுபக்கம். பாவி, இத்தனை நாள் பயந்து செத்தது எதற்கு!

“அப்ப மத்தியானத்திலை குசினிப் பக்கம் மணக்கிறது நீங்கள்தானே, அம்மா?”

“ஓம். ஒரு சிட்டிகை எடுத்துப் பாலிலை காய்ச்சிக் குடிக்கிறனான். நோ கொஞ்சம் அடங்கும். நீ கண்டால் பேசுவாயெண்டு குசினிக்குப் பின்னாலை அடுப்பு மூட்டினனான்.” வீட்டு வேலிப் படலையடியில் அம்மா நின்றாள். “அதுவும் ஆவணியோடை முடிஞ்சுதே. இப்ப சித்திரையெல்லோ.”

நிவேதனாவின் கை படலையில் அப்படியே நின்றது.

“நேற்றும் மணந்தது, அம்மா.”

இரத்தினம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள்.

“உனக்கும் மணக்கிறதே?” என்று மெல்லக் கேட்டாள். “நான் எனக்கு மட்டும்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.”

வீட்டுக்குள் யாரும் இல்லை. குசினிப் பக்கமிருந்து அந்த மணம் வந்துகொண்டிருந்தது.