பிள்ளைக் காம்பராவின் முதல் தண்ணீர்

1

இந்தக் கதை என் கற்பனையில் ஊறியதல்ல. ஒரு சோடாப் போத்தலில் அடைபட்டு என்னிடம் வந்தது. 1962ஆம் ஆண்டு, இலங்கை மலைநாட்டில் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். என் தகப்பனார் அங்கே மருந்து கலந்து கொடுக்கும் டிஸ்பென்சர். நான் பதுளையில் கல்லூரி மாணவன். கல்லூரிச் சஞ்சிகைக்குக் கதை கேட்கப்பட்டவன். (யாரும் கேட்கவில்லை. இரண்டு பக்கம் காலியாயிருந்தது.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: “மலை முகடுகளைப் பனி தழுவிய அவ்வேளையில் பெரியாயியின் கண்களில்...”

கண்களில் என்ன என்று தெரியவில்லை. அடித்துவிட்டேன்.

2

பெரியாயி பிள்ளைக் காம்பராவின் ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை அவரிடம் விட்டுப் போவார்கள். மொத்தம் பதினான்கு குழந்தைகள். இரும்புக் குழாய் துருப்பிடித்துப் போனதால் தோட்டத்தை நடத்தும் துரை, கப்பலில் இறக்கிய சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாயைப் போட்டார். ஒரு மாதத்துக்குள் நான்கு குழந்தைகள் வயிறு நொந்து அழத் தொடங்கின. பாலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

என் தகப்பனார் குழாயைச் சந்தேகித்தார். துரை சொன்னார்: குறையென்று எழுத்தில் வந்தால் குழாயைக் கழற்றலாம், குறையில்லை என்று வந்தால் தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயங்களுக்கும் இதே குழாய்தான்.

எழுத்தில் தரக்கூடியவர் எங்கள் இரசாயன ஆசிரியர் கனகசுந்தரம் மாஸ்டர்.

“பிளாஸ்டிக்கைச் சூட்டில வார்க்கேக்க கருகாமலிருக்க ஈய உப்புச் சேர்க்கிறவங்கள். அது தண்ணிக்குள்ள கழண்டு வருதோ எண்டு பாப்பம். இராமுழுக்கக் குழாய்க்குள்ள கிடந்த தண்ணி வேணும். விடியத் திறந்த உடன வாற முதல் தண்ணி. விளங்குதோடாப்பா?”

“விளங்குது சேர்.”*

பெரியாயியிடம் போத்தலைக் கொடுத்து, “விடிய முதல் தண்ணி பிடிச்சு வையுங்கோ ஆயாம்மா” என்றேன். ஏன் என்று சொல்லவில்லை.

* கதையில் வில்லன் வேண்டுமென்போர் இந்த இரண்டு சொற்களையும் வைத்துக்கொள்ளலாம்.

3

போத்தல் வந்தது. பளபளவென்று, வாயில் வெள்ளைத் துணி கட்டி. மாஸ்டர் தண்ணீரைக் கால் கோப்பையாக வற்றக் காய்ச்சி, அதற்குள் வாயுவைச் செலுத்தினார். ஈயமிருந்தால் தேயிலைச் சாயம்போலக் கபில நிறமாகும். அழுகிய முட்டை நாற்றத்தில் பக்கத்து அறை லத்தீன் வகுப்பு கலைந்தது. தண்ணீர் மட்டும் கலங்கவில்லை.

“ஈயம் காணப்படவில்லை” என்று மாஸ்டர் எழுதிக் கொடுத்தார்.

கதையை இங்கேயே முடித்துப் பார்த்தேன். விஞ்ஞானம் வென்றது, சுபம். ஆனால் கடிதத்தைக் குழந்தைகள் வாசிக்கவில்லை. அழுதுகொண்டே இருந்தன.

4

பெரியாயியை நான் கண்ணீரும் கம்பலையுமாகத்தான் எழுதி வைத்திருந்தேன். நேரில் அவர் அதற்கு ஒத்துழைக்கவில்லை. துரையிடம் கொடுக்கக் கடிதத்தோடு போகும் வழியில் பிள்ளைக் காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தேன். பால்மா கரைத்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க சின்னையா, போத்தலு என்னா சொல்லுச்சு?”

“நல்ல தண்ணியாம்.”

“நல்லா இல்லாமயா போகும்? மூணு தடவ சாம்பல் போட்டு வெளக்கி, தண்ணிய நல்லா ஓடவிட்டுல்ல புடிச்சேன். காலேஜுக்குப் போற போத்தலு. அழுக்காப் போனா நம்ம தோட்டத்துக்குத்தானே கேவலம்?”

“ஓடவிட்டோ? முதல் தண்ணியெல்லே கேட்டனான்!”

“அத எப்படிங்க குடுப்பேன்? மொதத் தண்ணி யாரு கையும் படாத தண்ணி. வேலைக்கு ஆள் கூட்டுற பெரட்டு தப்பு அடிக்க முன்னாடியே வந்து புடிச்சு, புள்ளைங்க பாலுக்கு வச்சிருவேன். தொரையே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்.”

(இங்கே “எனக்குத் தலை சுற்றியது” என்று எழுதியிருந்தேன். சுற்றவில்லை. கடிதத்தைச் சட்டைப்பைக்குள் திணித்தேன், அவ்வளவுதான்.)

இராமுழுக்கக் குழாய்க்குள் கிடந்த அந்த முதல் தண்ணீரில்தான் ஈயம் கழன்று வரக்கூடும் என்று சொன்னேன். அவர் பால் சட்டியைப் பார்த்தபடி நின்றார்.

“அப்ப, நானா குடுத்தேன்?”

இந்தக் கேள்விக்கு ஏழு பதில்கள் எழுதி, ஏழையும் கிழித்தேன். அன்று நான் சொன்னது: “விளக்கிச் சொல்லாதது நான் ஆயாம்மா.”

“மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் தூங்குதுங்க.”

சட்டிப் பாலை முழுதாக வெளியே கழிவுநீர்க் கானில் ஊற்றினார். குடத்தை இடுப்பில் வைத்தார். “ஊத்துக்குப் போயிட்டு வாறேன். புள்ளைங்களப் பாத்துக்கங்க.”

பதினான்கு குழந்தைகளோடு நான் தனியே இருந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி இங்கே ஒரு பந்தி இருந்தது. என் மானம் கருதி நீக்கியிருக்கிறேன்.

5

இரண்டாவது போத்தலைத் தரும்போது, “இந்தாங்க, மொதத் தண்ணி. ஓடவிடல” என்றார். முதல் கடிதம் இன்னும் என் பையில்தான். துரை இரண்டு முறை கேட்டுவிட்டார்.

ஒரு முடிவில் தண்ணீர் கபிலமாகிறது, குழாய் கழற்றப்படுகிறது. இன்னொன்றில் தெளிவாகவே நிற்கிறது; குழாய் லயமெல்லாம் போகிறது, குழந்தைகள் ஏன் அழுதன என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது. இரண்டையும் எழுதினேன். இரண்டையும் அடித்துவிட்டு உங்களிடம் தருகிறேன்.

மாஸ்டர் வாயுக் குழலை இறக்கிவிட்டார். லத்தீன் வகுப்பு யன்னல்களைச் சாத்துகிறது. குனிந்து பாருங்கள், நிறத்தை நீங்களே சொல்லுங்கள்.

அவசரமில்லை. பெரியாயியிடம், முடிவு தெரியும்வரை பொறுத்திருக்கலாமே, தினமும் ஏன் ஊற்றுக்கு ஏறி இறங்குகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

“போத்தலு மெதுவாச் சொல்லட்டும் சின்னையா. புள்ளைங்களுக்கு இப்பப் பசிக்குதுல்ல” என்று குடத்தை எடுத்தார்.