சம்பந்தியின் கண்ணாடி அலமாரி

இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும் சாமான்தான் உட்கார்ந்திருக்கிறது, மனிதன் நிற்கிறான். சோபாவுக்கு ஓர் உறை, உறை அழுக்காகாமல் இருக்க மேலே ஒரு விரிப்பு, அந்த விரிப்பில் உட்கார்ந்தால் வீட்டுக்காரிக்கு முகம் சுருங்குகிறது. மூலையில் ஒரு மேஜை, அதன் மேல் ஒரு ஜாடி, ஜாடியில் பிளாஸ்டிக் பூ. எதற்கு என்று கேட்டால் "சும்மா, அழகுக்கு" என்கிறார்கள். இந்தக் கூத்து வீட்டோடு நிற்கும் என்று நினைத்திருந்தேன். விளையாட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

நாற்பது வருஷம் டயர் கடை வைத்திருந்தவன் நான். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. ஏழு வாரம் மாவுக்கட்டு. சும்மா கிடந்தால் வருகிறவன் போகிறவனை எல்லாம் திட்டுவேன் என்று என் மகள் ஒரு பழைய டேப்லெட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அதில் கட்டை அடுக்கும் விளையாட்டு ஒன்று. மண், கல், மரம் எல்லாமே சதுரக் கட்டை. வெட்டலாம், அடுக்கலாம், வீடு கட்டலாம். மாப்பிள்ளை எங்கள் குடும்பத்துக்கென்றே அதில் ஓர் உலகம் போட்டு வைத்திருந்தார். அவருக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒரு தடவைதான் வருவார். மகள் மாமனார் வீட்டில் இருக்கிறாள். நான் நாலு தெரு தள்ளித் தனியாக இருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அவரவர் இடத்தில் இருந்தபடியே உள்ளே போய்விடுவோம். ஸ்பீக்கரில் பேச்சு ஓடும், கை வேலை செய்யும்.

நாலாவது ஆள் என் சம்பந்தி, மாப்பிள்ளையின் அப்பா. ஏதோ ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும். விளையாட்டிலும் அவருக்கு எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். மரத்தைக்கூட நூல் பிடித்து நட்டிருந்தார்.

எனக்கு வீடு கட்டுவதில் ஆசையில்லை. நான் கீழே தோண்டினேன். படி வெட்டி, படி வெட்டி இறங்கினேன். இரண்டு பக்கமும் கல் சுவர், பத்துப் படிக்கு ஒரு பந்தம். இருநூற்றுப் பதினோரு படி. கடைசியில் கறுப்பாக ஒரு பாறை வந்தது. அதை எதை வைத்தும் உடைக்க முடியாது, அதோடு உலகம் முடிந்தது என்றார் மாப்பிள்ளை. அந்தப் பாறை மேல், விளையாட்டுக்குள் நான் என்று நடமாடும் பொம்மையை நிறுத்தி வைத்துக்கொண்டு அன்றைக்கு நெடுநேரம் சும்மா இருந்தேன்.

மாவுக்கட்டைப் பிரிக்க ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருக்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்து உள்ளே போனால் என் படி இருந்த இடத்தில் தெரு.

"சம்பந்தி, என் படி எங்கே?" என்றேன்.

"அதுவா? மூடிட்டேன் சம்பந்தி. ஆடுங்க உள்ள விழுதுங்க."

"யாரோட ஆடு?"

"பொதுவா மேயுற ஆடுங்கதான்."

"ஆடு விழுந்தா ஏறி வரும். அதுக்குப் பேருதான் படி."

"அது மட்டுமில்ல, தெருவும் நேரா வரணும்ல? உங்க குழி நடுவுல இடைஞ்சலா இருந்துச்சு."

குழியாம். வாயை மட்டும் மூடினாரா என்றால் அதுவும் இல்லை. சுவர்க் கல்லை எல்லாம் பெயர்த்துத் தெருவுக்குப் போட்டுக்கொண்டு, அடி வரைக்கும் மண்ணைக் கொட்டியிருந்தார். இரண்டே நாளில் அவ்வளவு வேலை செய்ய ஒரு மனிதனுக்கு எவ்வளவு வயிற்றெரிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பழையபடி ஆக்க முடியுமா என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். சேமித்து வைத்த பழைய காப்பி மேல் புதுசு ஏறிவிட்டது, முடியாது என்றார். மகள், "விடுங்கப்பா, கேம்தானே" என்றாள்.

நான் விடவில்லை. விட்ட மாதிரி இருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் பர்னிச்சர் பேச்சு வந்தது. அதுவரைக்கும் எங்கள் உலகத்தில் படிக்கட்டைத் திருப்பி வைத்தால் நாற்காலி, கம்பத்தின் மேல் பலகை வைத்தால் மேஜை. எனக்கு அதுவே அதிகம். சம்பந்தி எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, சோபா, சாப்பாட்டு மேஜை, திரைச்சீலை, கண்ணாடி அலமாரி எல்லாம் வருகிற, விளையாட்டோடு சேர்த்துக்கொள்கிற பேக் ஒன்று இருக்கிறது, அதைப் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். புதிதாக எது போட்டாலும் நாலு பேரும் சம்மதிக்க வேண்டும், போட்டபின் யாராவது ஒருவருக்கு உள்ளே வர முடியாமல் போனாலும் அதை எடுத்துவிட வேண்டும் என்பது மாப்பிள்ளை வைத்த சட்டம். நான் இரண்டு தடவை மாட்டேன் என்றேன்.

"அந்த சோபால உட்கார முடியுமா சம்பந்தி?"

"முடியாது. அழகுக்கு."

"மேஜைல சாப்பிட முடியுமா?"

"அதெல்லாம் இல்ல. பார்க்க லட்சணமா இருக்கும்."

"பார்த்துக்கிட்டே இருக்குறதுக்கு உங்க வீட்டு ஹால் போதாதா?"

மகள் சிரித்துவிட்டு, மாமனார் பக்கத்தில் இருப்பது ஞாபகம் வந்து இருமினாள்.

"உங்களுக்கு ரசனை கிடையாது சம்பந்தி," என்றார். "அலமாரியாவது திறக்கும். உள்ள பொருள் வைக்கலாம்."

மூன்றாவது தடவை பேச்சு வந்தபோது மாப்பிள்ளை குறுக்கே வந்தார். "எல்லாரும் ஒண்ணு கேட்டுக்குங்க. பின்னாடி எடுக்க வேண்டி வந்தா அந்தச் சாமானெல்லாம் மாயமா போயிடும். அலமாரிக்குள்ள இருக்குறதும் சேர்ந்து போயிடும்."

"திரைச்சீலை நீலத்துல வருமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் சம்பந்தி.

"சரி, போடுங்க மாப்பிள்ளை," என்றேன் நான்.

"அப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் மகள்.

அப்புறம் இருபது நாள் சம்பந்தியைப் பார்க்க வேண்டுமே! கல்யாண வீட்டுக்காரர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தார். சோபாவை மூன்று தடவை இடம் மாற்றினார். பழைய மரப்பெட்டிகளை உடைத்துப் போட்டுவிட்டு, இரண்டு வருஷமாகச் சேர்த்ததை எல்லாம் கண்ணாடி அலமாரியில் அடுக்கினார். வைரம் ஒரு தட்டு, தங்கம் ஒரு தட்டு, கடலுக்கு அடியில் போய் எடுத்துவந்த முத்தோ என்னவோ ஒரு தட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர் எழுதின சீட்டு. "வாங்க சம்பந்தி, வந்து பாருங்க" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் போய்ப் போய்ப் பார்த்தேன். "இன்னும் இடம் இருக்கு போலயே, வெளிய எதையும் விட்டுடாதீங்க" என்று யோசனையும் சொன்னேன்.

எல்லாம் உள்ளே போய்ச் சேர்ந்த பிறகு மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். என் டேப்லெட் சுடுகிறது, உள்ளே வரவே முடியவில்லை என்றேன். பொய் இல்லை. கொஞ்சம் சுடத்தான் செய்தது. நான் அதைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.

"பர்னிச்சர் பேக்கோட பாரம்தான் மாமா. உங்களால வர முடியலைன்னா அது எதுக்கு? ஞாயித்துக்கிழமை காலைல எடுத்துடுறேன். அதுக்குள்ள அலமாரியைக் காலி பண்ணச் சொல்லி அப்பாகிட்ட சொல்லிடுறீங்களா? நான் சொன்னா ஏன், எதுக்குன்னு ஒரு மணி நேரம் கேள்வி கேட்பார். உங்க பொண்ணுக்கும் இந்த வாரம் லேப்ல சாயங்கால ஷிப்ட்."

"சொல்லிடுறேன் மாப்பிள்ளை."

அன்றைக்குத் திங்கள். செவ்வாய், புதன் சொல்லவில்லை. வியாழக்கிழமை சம்பந்தியும் நானும் மட்டும்தான் உள்ளே இருந்தோம். டேப்லெட் விக்கி விக்கி ஓடியது, ஆனால் ஓடியது. அவரே கேட்டார்.

"என்ன சம்பந்தி, ஏதோ சொல்ல வந்து நிறுத்துற மாதிரி இருக்கு?"

வாய் வரைக்கும் வந்தது என்று சொன்னால் பொய். வரவில்லை. என் படியின் மேல் அவர் போட்ட தெருவில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஒண்ணுமில்ல. உங்க அலமாரி ரொம்ப அழகா இருக்கு," என்றேன்.

"இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே!" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறுக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே போய் அவர் வாசலில் நின்றுகொண்டேன். அவர் வந்தார். கதவைத் திறந்தார். உள்ளே நாலு சுவர், தரை. ஜன்னலில் திரைச்சீலைகூட இல்லை. பொம்மை இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது, அலமாரி இருந்த சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. பிறகு ஸ்பீக்கரில், "ஏம்மா, இங்க கொஞ்சம் வாயேன்" என்று என் மகளைக் கூப்பிட்டார். அந்தக் குரல் இருக்கிறதே, ஏழு வாரம் தோண்டினதற்கு அது போதும் என்று இருந்தது. அன்றைக்கு இரண்டு மடங்கு சாப்பிட்டேன்.

மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, சொன்னீங்களா இல்லையா?"

"சொல்லல."

அவர் போனை வைத்துவிட்டார். வரட்டும், சம்பந்தி வந்து சட்டையைப் பிடிக்கட்டும், "ஆடு விழுந்துடும்னு எடுத்துட்டேன்" என்று சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். இரண்டு நாளாக யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் மகள் வந்தாள். வேலைக்குப் போகிற வழி. பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள்.

"மாமா என்ன சொல்றார் தெரியுமா? உங்கப்பாவுக்கு மறதி வந்துடுச்சு, பாவம், டாக்டர்கிட்ட காட்டும்மான்னு சொல்றார்."

"யாருக்கு மறதி? வேணும்னேதான் சொல்லல."

"எனக்குத் தெரியாதா? உங்க பொண்ணுதானே நான்." அவள் குரல் இறங்கியது. "அப்பா, மறதின்னே இருக்கட்டும். வேணும்னு செஞ்சீங்கன்னு தெரிஞ்சா அந்த வீட்டுல எனக்கு எப்படி இருக்கும்? ரெண்டு வேளை அவங்களோட உட்கார்ந்து சாப்பிடுறவ நான். உங்க மாப்பிள்ளை மாசம் ஒரு நாள் வந்துட்டுப் போயிடுவார். நீங்க இங்க ஜம்முனு இருப்பீங்க. ப்ளீஸ்ப்பா."

தலையை ஆட்டி அனுப்பினேன். ஆனால் உட்கார முடியவில்லை. ஒரு மாதம் பொறுத்து, வாயைக் கட்டி, நேரம் பார்த்துச் செய்த வேலை. அதைக் கிழவனின் மறதி என்று துடைத்துப் போட்டால்? பழி வாங்கினவன் யார் என்று தெரியாவிட்டால் அது பழியா? மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனேன்.

மகள்தான் கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. சம்பந்தி எழுந்து வந்து, என் கையைப் பிடித்து, ஏதோ கண்ணாடிப் பாத்திரத்தை இறக்கி வைப்பது போல என்னை உட்கார வைத்தார்.

"தனியாவா வந்தீங்க? வழியெல்லாம் சரியா தெரிஞ்சுதா?"

"நாலு தெரு. தெரியாம என்ன?"

"இன்னிக்கு என்ன கிழமை சம்பந்தி?"

"வியாழன்."

"பரவாயில்லையே," என்று மருமகளைப் பார்த்து மெச்சினார்.

"சம்பந்தி, நான் மறக்கல. மாப்பிள்ளை சொல்லச் சொன்னார். நான் வேணும்னே சொல்லல. என் படியை மூடினீங்கல்ல, அதுக்கு."

மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். சம்பந்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நாக்கால் உச்சுக் கொட்டினார்.

"எங்க ஆபீஸ்லயும் ஒருத்தர் இப்படித்தான். எதையாவது மறந்துட்டா, வேணும்னுதான் செஞ்சேன்னு சண்டைக்கு வருவார். வெட்கம், வேற ஒண்ணுமில்ல. இந்த வயசுல வர்றதுதான்."

"போன வியாழக்கிழமை நீங்களே கேட்டீங்க, ஏதோ சொல்ல வர்றீங்களான்னு. அப்ப நான் என்ன சொன்னேன்?"

"நான் கேட்டேனா?" சம்பந்தி மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகமில்லையே சம்பந்தி. நீங்களா நினைச்சுக்கிறீங்க."

"ஆமாம் மாமா," என்றாள் மகள் அவசரமாக. "அப்பாவுக்குக் கொஞ்ச நாளாவே அப்படித்தான்." அவள் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். அதற்குமேல் என்ன பேச?

சம்பந்தி பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, ஒரு தாளின் ஓரத்தில் டாக்டர் பெயரையும் நேரத்தையும் எழுதி, சீட்டை மடித்துக் கிழித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார். "பையன்கிட்ட பேசிட்டேன். உங்களுக்குப் புது டேப்லெட் வாங்கித் தரான். பாரம் தாங்கும். பர்னிச்சரை மறுபடி போட்டுடலாம், நான் முதல்லேருந்து சேர்த்துக்கிறேன். என்ன, சம்மதம்தானே? நீங்க சொன்னது மறந்துடும்னா நானே எழுதி வச்சுக்கிறேன்."

அவர் முகத்தில் எதுவும் இல்லை. சிரிப்பு இல்லை, கோபம் இல்லை. முப்பது வருஷம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, எதிரில் நிற்பவனுக்கு எதையும் காட்டாமல் பழகின முகம்.

"உட்கார முடியாத சோபா எதுக்கு சம்பந்தி?" என்றேன்.

"அழகுக்கு," என்றார்.

நான் எழுந்தேன். சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மகள் வாசல் வரை வந்தாள். "பார்த்துப் போங்கப்பா" என்றாள், உள்ளே இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தேன். முதல் முனை தாண்டும் வரை யோசித்தேன், இரண்டாம் முனை தாண்டியும் யோசித்தேன். அந்த ஆளுக்கு அந்த வியாழக்கிழமை ஞாபகமில்லையாம். யார் வேண்டுமானாலும் நம்பட்டும். நான் நம்பவில்லை.