ஜானகிராமன் பேட்டையில் நின்றுபோன குரல்

1956ஆம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், நெல்லித்தோப்பு தேவதாஸின் எட்டு வயது மகள் ஸ்டெல்லாமேரி மார்க்கெட்டிலிருந்து வீடு திரும்பினாள். அவளுடைய குரல் மட்டும் ஜானகிராமனின் வண்டிப்பேட்டையிலேயே நின்றுவிட்டது. அதே வாரத்தில் வஞ்சிரம் மலிந்து கிடந்தது, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. மூன்றையும் ஊரார் ஒரே மூச்சில் பேசிக்கொண்டார்கள்.

தேவதாஸ் வாடகைக்குக் கார் ஓட்டுகிறவர். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போன பெஜோ வண்டி. அது போடுகிற சத்தத்தை வைத்தே ரயிலடிக் கூலிகள் தேவதாஸ் வருகிறார் என்று எழுந்து நிற்பார்கள். அவர் வம்புதும்புக்குப் போகாதவர், ஆனால் பிடித்தால் உடும்புப் பிடி. மார்க்கெட்டுக்குத் தெற்கே இடிந்த வீட்டு மனை ஒன்று காலியாகக் கிடந்தது. அங்கேதான் அவர் வழக்கமாக வண்டியை நிறுத்துவார். மனைக்காரர் குடும்பத்தோடு சைகோனுக்குப் போய்விட்டிருந்தார். 54இல் பிரெஞ்சுக் கொடி இறங்கினபோது, கப்பலேறிப் போனவர்களின் மனையெல்லாம் இனி எவருக்கும் சொந்தமில்லை, ஆடு கட்டலாம், வண்டி விடலாம் என்று ஊரில் பாதிப் பேர் நம்பிவிட்டார்கள். எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தேவதாஸும் அந்தப் பாதியில் ஒருவர். சைகோன்காரரின் மைத்துனர் ஜானகிராமன் பத்திரமும் கையுமாக வந்து, மனையைச் சுற்றிக் கயிறு கட்டி, மண்ணாங்கட்டி என்கிற காவல்காரரை உட்கார வைத்து, வேப்பமரத்தில் ஒரு போர்டும் மாட்டினார்.

அன்றைக்குக் கிறிஸ்துமஸ் துணி எடுக்க மகளோடு வந்த தேவதாஸ், கயிற்றைத் தாண்டி வழக்கமான இடத்தில், மதிலோரம், வண்டியை நிறுத்தினார். புதிதாக எழுத்துக்கூட்டக் கற்றிருந்த ஸ்டெல்லாமேரி போர்டைச் சத்தமாகப் படித்தாள். வண்டி நிறுத்த இரண்டணா. காசு கொடுக்காத வண்டி வெளியே போகாது. தேவதாஸ் சிரித்துவிட்டு மார்க்கெட்டுக்குள் போனார். துணிமூட்டையோடு திரும்பி வந்தபோது, மத்தியானச் சாப்பாட்டு மயக்கத்தில் மண்ணாங்கட்டி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பிக் காசு கொடுக்கத் தேவதாஸுக்கு மனம் வரவில்லை. எவனோ போட்ட கயிற்றுக்கு எதற்கு இரண்டணா? மகளை வண்டிக்குள் உட்கார வைத்தார். மூச்சு விடக் கூடாது, சத்தமே வரக் கூடாது என்று சொன்னார். எஞ்சினை உசுப்பாமல், பின்னாலிருந்து தோள்கொடுத்து வண்டியைத் தெருவுக்குத் தள்ளிவிட்டார்.

தெருவில் வந்து ஹாண்டில் போட்டுச் சுற்றினார். எஞ்சின் ஓடியது, வண்டி நடுங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. காது அடைத்துவிட்டதோ என்று விரலை விட்டுக் குடைந்தார். உள்ளே ஸ்டெல்லாமேரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அப்போது பேட்டைக்குள்ளே, ஆளில்லாத மதிலோரத்திலிருந்து, பெஜோவின் உறுமல் கேட்டது. அதன் நடுவே அவளுடைய குரலும் கேட்டது.

"அப்பா, நான் பேசறது கேக்கலியா?"

தூக்கம் கலைந்த மண்ணாங்கட்டி மதிலேறிக் குதித்து ஓடினவர், அந்த வேலைக்குத் திரும்பவே இல்லை.

டாக்டர் தொண்டையில் பழுதில்லை என்றார். சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு, தானும் பேட்டைக்குப் போய்க் கேட்டு, முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். நெல்லித்தோப்பில் பிள்ளை உதட்டை அசைத்தால், மார்க்கெட் பக்கத்துப் பேட்டையில் அந்தப் பேச்சு கேட்டது. மறுநாள் காலையிலேயே தேவதாஸ் இரண்டணாவை எடுத்துக்கொண்டு ஓடினார். ஜானகிராமனும் பயந்துதான் போயிருந்தார், பாவம். ஆனாலும் வியாபாரி வியாபாரிதானே.

"நேத்துக் காசு சரிப்பா. ராத்திரி பூரா உம் பொண்ணு கொரலு இங்கதான நின்னுச்சு, அதுக்கு யாரு குடுக்கறது?" என்றார்.

நிற்காத வண்டிக்கு எதற்குக் காசு என்று தேவதாஸ் எகிறினார். நிற்கிறது எதுவானாலும் இடம் இடம்தான் என்றார் ஜானகிராமன். பேச்சு முற்றியது. கொடுக்க வந்த இரண்டணாவும் மடியிலேயே திரும்பியது.

தேவதாஸ் வக்கீலிடம் போனார். வக்கீல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: போர்டு இருந்ததா? இருந்தால் வழக்கே இல்லை, இல்லாவிட்டால் ஜானகிராமன் ஒரு தம்பிடி கேட்க முடியாது. இல்லை என்றார் தேவதாஸ். முழுப் பொய். அடுத்து வந்த ஒரு மழையில் போர்டும் விழுந்து, எவரோ அடுப்புக்கு எடுத்துப் போய்விட்டிருந்ததால், பொய் சௌகரியமாக நின்றது. நடுவில் காசு கொடுத்தால் வழக்குச் செத்துவிடும் என்று வக்கீல் சொல்லிவைத்தார். கொடுத்துத் தொலையுங்களேன் என்று மனைவி இருதயமேரி அழுதபோதெல்லாம் தேவதாஸ் அதையே திருப்பிச் சொன்னார்.

வருஷங்கள் போயின. அணா போய் நயா பைசா வந்தது. சத்தமில்லாத காருக்கு முன்னால் ஜனங்கள் அசையாமல் நின்றார்கள். ரயிலடியில் வண்டி ஒரு கூலியின் காலில் ஏறப் பார்த்தது. தேவதாஸ் காளை மணிகளை வாங்கி முன்னால் கட்டினார். வண்டியில் கட்டினதும் மணிகளும் ஊமையாயின. கடைசியில் தேவதாஸே தலையை வெளியே நீட்டி, ஓரம், ஓரம் என்று ஊர் முழுக்கக் கத்திக்கொண்டு ஓட்டினார். தள்ளினபோது அவர் வெளியே நின்றதால் அவர் குரல் மட்டும் அவரிடம் இருந்தது. தினமும் வண்டியில் ஏறும்போது முதலில் கனைத்துப் பார்ப்பார். அதுவும் போய்விட்டதோ என்கிற திகில் அவரை விடவில்லை.

பிள்ளையின் நிலைமை அதைவிடக் கொடுமை. அவள் செபம் சொன்னால் பூக்காரிகள் கேட்டார்கள். வகுப்பில் எவளையோ திட்டினால் மீன்காரிகள் கேட்டார்கள். இருதயமேரி மத்தியான வேளைகளில் கயிற்றோரம் நின்று மகள் பேசுவதைக் கேட்டுவிட்டு வருவாள். இது தெரிந்ததும் ஸ்டெல்லாமேரி உதட்டை அசைப்பதையே நிறுத்திவிட்டாள். ஒரு காய்ச்சலின்போது மட்டும் பேட்டையில் குரல் வீறிட்டது. பூக்காரி சின்னப்பொண்ணு கூடையைப் போட்டுவிட்டு நெல்லித்தோப்புக்கு ஓடிவந்து, பிள்ளையைப் பாருங்க என்றாள். அதற்குப் பிறகு அந்த மதிலோரம் மாதக்கணக்கில் அமைதியாகக் கிடந்தது. எஞ்சின்கூட உறுமியது, குரல் வரவில்லை. உள்ளேயே செத்துவிட்டதோ என்று தேவதாஸுக்குச் சோறு இறங்கவில்லை. ஜானகிராமனுக்கும் நட்டம்தான், அந்தப் பேட்டையில் வேறு எவர் வண்டியை விடுவார்கள்?

1960இல் ஒருவழியாக வழக்கு எடுக்கப்பட்டது. தகராறான இடத்துக்கு நீதிபதியே நேரில் வந்து பார்ப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம். கொடி மாறியும் அது மாறவில்லை, நீதிபதியை ஊரார் முசியே என்று கூப்பிடுவதும் மாறவில்லை. நாற்காலி, மேசை, குமாஸ்தாவோடு கோர்ட்டு பேட்டைக்கே வந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்தது. அன்று வண்டிக்குள் இருந்த பிள்ளைதான் சாட்சி, அவள் குரல் இங்கேதான் இருக்கிறது, இங்கேயே கேட்டுவிடலாம் என்றார் நீதிபதி. அதில் எவருக்கும் வியப்பில்லை. முந்தின நாள் சாப்பாட்டில் தேவதாஸ் மகளிடம், போர்டு இல்லன்னு சொல்லும்மா, அவ்வளவுதான், அப்புறம் கொரலு வந்துடும் என்று கெஞ்சியிருந்தார். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

பன்னிரண்டு வயது ஸ்டெல்லாமேரி கயிற்றுக்கு வெளியே நின்றாள். போர்டு இருந்ததா என்று நீதிபதி கேட்டார். அவள் உதடு அசைந்தது. எல்லாரும் மதிலைப் பார்த்துத் திரும்பினார்கள்.

"போர்டு இருந்துச்சு. நான்தான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன். அப்பாவும் கேட்டுச்சு."

சொல்லி முடித்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நீதிபதி தேவதாஸைப் பார்த்தார். சின்னப் பிள்ளை, நினைவு தப்பியிருக்கும் என்று ஒரு வார்த்தை போதும். வக்கீல் கண்ணாலேயே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். தேவதாஸ் மகளைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷமும் அவள் இந்த மனைக்குப் பயப்படுகிறாள் என்றுதான் நினைத்திருந்தார். அவள் பார்வை மதில் பக்கமே போகவில்லை. அவர் கையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பயப்படுவது தனக்கு என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அதைவிடப் பெரிய பயம் அவருக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

"இருந்துச்சுங்க முசியே. எம்பொண்ணு சொல்றதுதான் நெசம்."

அது மதிலோரத்திலிருந்து கேட்டது. தேவதாஸின் வாய் அசைந்து நின்றது. குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

"அப்பா," என்றாள் ஸ்டெல்லாமேரி. அது அவள் தொண்டையிலிருந்தே வந்தது. கரகரத்த, அவளுக்கே பழக்கமில்லாத குரல்.

தீர்ப்பு ஜானகிராமன் பக்கம் ஆயிற்று. பெஜோவை உழவர்கரைக்காரர் ஒருவருக்கு விற்றுத் தண்டம் கட்டினார்கள். சத்தம் வண்டியோடு போய்ச் சேர்ந்தது, இப்போதும் காது கிழிகிறது என்று வாங்கினவர் குறைப்பட்டுக்கொள்கிறார். தேவதாஸ் வாயில்லாமல் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பேட்டைக்கு மறுபடி வண்டிகள் வர ஆரம்பித்தன. மதிலோரத்து இடத்தை மட்டும் எல்லாரும் ஒதுக்கி விட்டார்கள், அது தேவதாஸ் நிற்கிற இடம் என்று.

62ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், பிரெஞ்சுக்காரர் ஊரைச் சட்டப்படி ஒப்படைத்த கையெழுத்தெல்லாம் முடிந்து ஊரில் கொடியும் மிட்டாயுமாக இருந்த சாயங்காலத்தில், ஸ்டெல்லாமேரி பள்ளிக்கூடம் விட்டு எப்போதும்போலப் பேட்டைக்கு வந்தாள். அன்றன்றைக்கு உண்டான பன்னிரண்டு நயா பைசாவை ஜானகிராமனிடம் கொடுத்தாள். வேண்டாம் பாப்பா என்று அவர் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். நிக்கிற எடத்துக்குக் காசு குடுக்கணும் மாமா என்பாள், அவர் சொல்வதைக் கேட்கமாட்டாள். பிறகு மதிலோரமாகப் போய்ப் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெல்லித்தோப்பில் அந்த நேரத்துக்குக் கடையிலிருந்து வந்து, கை கழுவி, வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தேவதாஸ் பேச ஆரம்பித்திருந்தார். வெயில் ஜாஸ்தியா இருந்துச்சாம்மா, சாப்ட்டியா என்று கேட்டது மதில். சாப்பிட்டேன் என்று அவள் தலையாட்டினாள். அது அங்கே அவருக்குத் தெரியாது, வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.